நகல் இல்லாத முதல் யூனிட்

எழுதத் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு என் கையால் எழுதியது மளிகைச் சீட்டும் பேங்க் சலானும்தான். பிழைப்போ, மற்றவர்கள் எழுதியதை நகல் எடுப்பது. எழுதத் தயங்க இன்னொரு காரணமும் உண்டு. இதில் வரப்போகிற மேடம், தான் சொல்வதை யாரும் எழுதக் கூடாது என்றவர். அவர் சொன்னதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியவில்லை. அவரும் மன்னிக்கட்டும்.

எங்கள் ஊரில் செவிலிமேட்டைத் தாண்டினால் ஒரு கல்லூரி. கேட்டுக்கு எதிரே டீக்கடைக்கும் பங்க்சர் கடைக்கும் நடுவில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து ஷட்டரைத் தூக்குவது நான். கடைக்காரத் தம்பி நிதானமாக வருவார். ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். மெஷின் என் பொறுப்பு.

இந்த வேலையில் எதை நகல் எடுத்தாலும் அதைக் கண்ணாடிமேல் முகம் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு பார்வை கிடைக்கும். ஒரு பக்கத்தில் நாலு வரி, அடுத்ததில் ஒரு தலைப்பு, இன்னொன்றில் பாதிப் படம். பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட், போலீஸ் மனு இதையெல்லாம் நான் பார்க்க மாட்டேன். அது அடுத்தவர் வீட்டு விஷயம். பாட நோட்ஸ் வந்தால் மட்டும் கண் தானாகப் போய்விடும். பிளஸ் டூ முடித்த வருஷம் கல்லூரி விண்ணப்பம் வாங்கி வரலாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற ஒரு பெண் கடைக்கு வந்தாள். முதல் வருஷம் சேர்ந்திருந்தவள். கையில் ஒரு கட்டுத் தாள்.

“அக்கா, நூல் பேப்பர். எங்க பெஞ்சுல இருக்கறவங்களுக்கெல்லாம் ஒவ்வொரு செட்டு. ஸ்பைரல் வேணாம், பின் அடிச்சா போதும்.”

“நூல் பேப்பரா? அது இன்னாமா?”

“ஃபர்ஸ்ட் இயர் பேப்பருக்கா. நூல் வரலாறு.”

எங்கள் வீட்டில் நூல் என்றால் ஒரே அர்த்தம்தான். என் கணவர் வீட்டிலேயே பட்டுத் தறி போட்டு நெய்கிறவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கேட்டதெல்லாம் நூல் வந்ததா, நூல் அறுந்ததா, இந்த நூல் சாயம் சரியில்லையே என்பதுதான். கல்லூரியில் நூலுக்கு வரலாறு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்குக் கூட்டம் அதிகம். கவிழ்ப்பதற்கு முன்னால் பார்க்கக்கூட நேரமில்லை. பக்கமெல்லாம் கறுப்புக் கோடு விழுந்து வீணாகிப்போன ஒரு செட்டை மட்டும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

“ஏங்க, உங்க நூலுக்குக் காலேஜ்ல பாடம் வெச்சிருக்காங்க.”

அவர் தறியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி. நாலைந்து பக்கம் திருப்பினார். முகம் சுருங்கியது. ‘அச்சு’ என்று ஒரு தலைப்பு வந்ததும் நிமிர்ந்தார். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற, சீப்பு மாதிரியான சட்டத்துக்கு எங்களிடம் அச்சு என்றுதான் பெயர். படித்துப் பார்த்தால் அது புத்தகம் அடிக்கிற அச்சு.

“களிமண்ணுன்றான். ஆட்டுத் தோலுன்றான். பனையோலைன்றான். இதுல எங்கம்மா கீது நூலு?”

நான் வாங்கிப் பார்த்தேன். எழுத்து வந்தது, ஓலை வந்தது, காகிதம் வந்தது, அச்சு வந்தது, பிறகு பாட்டு ரிகார்டு, கம்ப்யூட்டர். அப்புறம்தான் புரிந்தது.

“நூல்னா புத்தகங்க. புத்தகத்தோட வரலாறு.”

“புத்தகத்தப் போயி நூலுன்னு எவன்மா பேரு வெச்சான்? அப்ப நான் நெய்யறத இன்னான்னு சொல்றது, லைப்ரரின்னா?”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து என்ன என்று கேட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. கூலிக்கு நெய்யக் கொடுக்கிற முதலாளி வீட்டிலிருந்து பட்டு வந்தால் “புத்தகம் வந்துருச்சு” என்பார். இழை அறுந்தால் “ஒரு பக்கம் கிழிஞ்சிபோச்சு” என்பார்.

அவருக்கு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. கோடு விழுந்த அந்தத் தாள்களை நான் படித்துக்கொண்டே இருந்தேன். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு பக்கம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இரண்டு பக்கம். மனிதர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது என்று எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். ஒளிபட்டு எழுத்து காகிதத்தில் ஒட்டிக்கொள்வதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. என் மெஷினும் அந்த வரலாற்றில் ஒரு மூலையில் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு, கண்ணாடியைக் கொஞ்சம் அதிகமாகத் துடைத்தேன்.

ஆனால் அந்தக் கட்டு ‘யூனிட் இரண்டு’ என்று ஆரம்பித்தது. ஒன்று இல்லை. ஒரிஜினல் உள்ளே மாட்டிக்கொண்டதோ என்று பயந்து மெஷினின் மூடியெல்லாம் திறந்து பார்த்தேன். கடைக்காரத் தம்பி, “இன்னாக்கா, மோதிரம் உழுந்துடுச்சா?” என்று கேட்டார். மறுபடி அந்தப் பெண் வந்தபோது கேட்டேவிட்டேன்.

“ஏம்மா, அந்த நூல் பேப்பர்ல மொத யூனிட் குடுக்கவே இல்லயே?”

“அது கிடையாதுக்கா.”

“கிடையாதுன்னா?”

“மேடம் நோட்ஸ் குடுக்க மாட்டாங்க. எழுத்து வர்றதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுங்கறதுதான் ஃபர்ஸ்ட் யூனிட். ‘எழுத்துக்கு முன்னாடி இருந்தத எழுதிக் குடுத்தா அது எப்படிம்மா சரியா இருக்கும், காதால கேளுங்க’ன்னுவாங்க.” மேடம் மாதிரியே கையை வீசிக்காட்டினாள்.

“அப்ப பரீட்சைக்கு?”

“ஞாபகத்துல இருக்கறத எழுதணும். எது எழுதினாலும் மார்க்குதான்.”

“அப்ப சுலபம்தானே.”

“அட போங்கக்கா. ஞாபகத்துல ஒண்ணுமே இருக்க மாட்டேங்குது.”

இப்படித்தான் அந்த முதல் யூனிட் என் மனசில் வந்து உட்கார்ந்தது. மற்ற நாலும் கையில் இருந்தும் இல்லாத ஒன்றின் மேலேயே நினைப்பு. அந்த வகுப்புப் பிள்ளைகள் கடைக்கு வந்தால், தாளை அடுக்கிக்கொண்டே சும்மா கேட்கிற மாதிரி கேட்பேன். ஒரு பையன் “ஏதோ பாட்டு பாடினாங்கக்கா” என்றான். ஒருத்தி “குகைல படம் வரைஞ்சாங்க இல்ல, அது” என்றாள். இன்னொருவன், “ஃபர்ஸ்ட் யூனிட்ல நான் தூங்கிட்டேன், செகண்டு யூனிட்லதான் முழிச்சேன்” என்றான். எழுதி வைக்காத ஒன்று என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் பாடம் வேண்டாம்.

அந்த வகுப்பறை முதல் மாடியில் ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்கிறது. கடையில் கூட்டமில்லாதபோது ஸ்டூலில் உட்கார்ந்தால் ஜன்னல் தெரியும். மேடம் இப்படியும் அப்படியும் நடப்பார். கை மேலே போகும், கீழே வரும். திடீரென்று நின்று பிள்ளைகளைப் பார்ப்பார். ஏதோ கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். வார்த்தை ஒன்றும் வராது. வருவதெல்லாம் லாரியும் பஸ்ஸும். ஒரு பாட்டைச் சத்தமில்லாமல் டிவியில் பார்ப்பது போல அந்த யூனிட்டை இரண்டு ஜூன் மாதம் பார்த்தேன். ரோடு அகலமானதுதான், ஆனால் தாண்ட முடியாத அகலமில்லை. எதிரே இருக்கிற கேட்டுக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

இந்த வருஷம் கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள் அந்த முசரவாக்கத்துப் பெண் வந்தாள். இப்போது மூன்றாம் வருஷம். இவளைப் பெரியவள் என்றும், கூட வந்த அவள் தங்கையைச் சின்னவள் என்றும் வைத்துக்கொள்கிறேன். சின்னவள் அதே படிப்பில் சேர்ந்திருந்தாள்.

“அக்கா, நாளைக்கு ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு மட்டும்தான். வீட்ல யாராச்சும் கூட வரணுமாம். அம்மாவுக்கு நடவு, வர முடியாது. அப்பா வந்தா இவளுக்குப் புடிக்காது.”

“ஏம்மா?”

“சத்தமா பேசுவாரு” என்றாள் சின்னவள்.

“நீங்க வர்றீங்களாக்கா? பெரிம்மான்னு சொல்லிக்கலாம்” என்றாள் பெரியவள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மொத கிளாஸே நூல் பேப்பர்தான். பேரண்ட்ஸ் பின்னாடி உக்காரலாம்” என்றாள்.

நான் கேட்ட கேள்விகளை இந்தப் பெண் கவனித்திருக்கிறாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் முதல் நாளென்று எந்தக் கல்லூரி வாசலிலும் போய் நிற்கிற வேளை எனக்கு வந்ததில்லை. சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்ப வர்றீங்க” என்று அவளே முடித்துக்கொண்டாள்.

கடைக்காரத் தம்பியிடம் அனுமதி கேட்க அன்று முழுக்க வாய் வரவில்லை. ஷட்டர் இறக்கும்போதுதான் சொன்னேன்.

“தம்பி, நாளைக்குக் காலைல கொஞ்ச நேரம் எதிர்ல காலேஜுக்குப் போயிட்டு வரட்டா?”

“இன்னாக்கா, அட்மிஷனா? எந்த குரூப்பு?”

“ஒரு பொண்ணுக்குத் துணையாப்பா.”

“போயிட்டு வா. படிச்சுப் பெரிய ஆபீசர் ஆயிட்டு, என் கடை ஜெராக்ஸ் தெளிவா இல்லன்னு கையெழுத்து போடாம துரத்தாத, அவ்ளோதான்.”

மறுநாள் காலை சின்னவளோடு ரோட்டைத் தாண்டினேன். கேட்டில் வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு, “இன்னாமா, டெலிவரியா?” என்றார். சின்னவள் சட்டென்று, “எங்க பெரிம்மா” என்றாள். அந்த வார்த்தைக்கு வாட்ச்மேன் வழிவிட்டார்.

வகுப்பறை கீழேயிருந்து பார்த்ததைவிடச் சின்னது. கடைசி பெஞ்சுகளில் பெற்றவர்களை உட்காரவைத்தார்கள். பெஞ்சுமேல் காம்பஸால் கீறிய பெயர்கள், இதயங்கள், ஒரு மீன். விரலால் தடவிக்கொண்டிருந்தேன். இதுவும் பாடத்தில் வருமோ என்னவோ. ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் கடை. காலி ஸ்டூல். மெஷின் முன்னால் தம்பி குனிந்து நின்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். பேப்பர் மாட்டியிருக்க வேண்டும். எழுந்து போகத் தோன்றிற்று. போகவில்லை.

மேடம் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் என் வயதுதான் இருக்கும். அது நான் நினைக்காதது.

“பேனாவை மூடிடுங்க. போனைக் கவிழ்த்து வைங்க” என்றார். அறை முழுக்கப் பேனா மூடிகளின் சத்தம். கவிழ்த்து வைப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் கவிழ்த்த பிறகும் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்பது அதுதான் முதல் தடவை.

“நூல்னா என்ன? சொல்லுங்க.”

“புக்கு, மேடம்.”

“மாஞ்சா, மேடம்” என்று ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள்.

நடு வரிசையில் ஒரு பெண், மெதுவாக, “பாவு” என்றாள். எங்களை மாதிரி தறி வீட்டுப் பிள்ளை. எனக்குள் என்னவோ ஒன்று அசைந்தது.

“எல்லாமே சரி” என்றார் மேடம். “ஆனா இன்னைக்குப் புக்கு கிடையாது.”

அவர் பேசியதை எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுத்து இல்லாத காலத்தில் ஒரு செய்தி ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்கு எப்படிச் சிந்தாமல் போனது என்பதைச் சொல்லிக்கொண்டு வந்தார். குரல் பெரிதில்லை. நாங்கள் எல்லாரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டோம். பிறகு, வீட்டில் ஒன்றை மறந்துவிடக் கூடாது என்றால் பெண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அவரே தன் முந்தானை நுனியை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். பின் பெஞ்சில் இருந்த அம்மாக்கள் எல்லாரும் சிரித்தோம். எல்லாரும் போடுகிற முடிச்சு அது. கேஸ் புக் பண்ணணும் என்றால் ஒன்று, பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கணும் என்றால் ஒன்று.

அப்புறம்தான் அந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். கடல் தாண்டி, ரொம்ப தூரத்தில், ஒரு மலைநாட்டு ஜனங்கள். பெரிய ராஜ்ஜியம் நடத்தினார்கள். எழுத்து கிடையாது. எத்தனை மூட்டை தானியம், யார் கொடுத்தது, எந்த ஊர் என்று எல்லாவற்றையும் நூலில் முடிச்சாகப் போட்டு வைத்தார்கள். ஒரு கயிறு, அதிலிருந்து வரிசையாகத் தொங்குகிற நூல்கள். நிறத்துக்கு ஒரு அர்த்தம், முடிச்சுக்கு ஒரு அர்த்தம். அதைப் படித்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்கள் போன பிறகு, இன்றைக்கு வரை அதை முழுசாகப் படிக்க யாராலும் முடியவில்லை.

‘இதுல எங்கம்மா கீது நூலு?’ என்று என் கணவர் கேட்டாரே, அது இங்கே இருந்திருக்கிறது. நான் எடுக்காத நகலில். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லும்வரை ஒரு வார்த்தை கூட உதிர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

“அந்த முடிச்சு எப்படிப் போட்டாங்கன்னா...” என்று மேடம் மறுபடி முந்தானையை எடுத்தார்.

கதவில் அட்டெண்டர். “மேடம், பேரண்ட்ஸை ஆடிட்டோரியத்துக்கு அனுப்பச் சொன்னாரு. பிரின்சிபல் சார் பேசறாரு.”

பெஞ்சுகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். ஒரு பிள்ளையின் அப்பா மட்டும், “முட்டி வலி, படி ஏறி எறங்க முடியாது” என்று உட்கார்ந்தே இருந்தார். சரி இருங்க என்று விட்டுவிட்டார்கள். அவர் வந்ததிலிருந்து கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். எனக்கும் முட்டி வலி உண்டு. சொல்லத்தான் தோன்றவில்லை. கதவருகில் மேடம் ஒதுங்கி வழிவிட்டு, “பார்த்து, நிலை இடிக்கும்” என்றார். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமா என்று கேட்க அவ்வளவு பக்கத்தில் நின்றேன். தலை குனிந்தபடி வெளியே வந்துவிட்டேன்.

ஆடிட்டோரியத்தில் வருகைப்பதிவு பற்றியும் பைக் நிறுத்துமிடம் பற்றியும் நீளமாகப் பேசினார்கள்.

சாயங்காலம் சின்னவள் பஸ்ஸுக்கு நிற்க கடை வாசலுக்கு வந்தாள். ஓடிப்போய்க் கேட்டேன்.

“அப்புறம் மேடம் இன்னாமா சொன்னாங்க?”

“அப்புறமா? ஏதோ சொன்னாங்க பெரிம்மா. நல்லா இருந்துச்சு.”

“முடிச்சப் பத்தி?”

“ஆமா, முடிச்சுதான். போட்டுக் காட்டினாங்க. இப்படி... இல்ல, இப்படி...” துப்பட்டாவை இரண்டு தடவை சுற்றினாள். அவிழ்ந்துவிட்டது. “பஸ் வந்துடுச்சு பெரிம்மா, நாளைக்கு சொல்றேன்.”

வீட்டில் விளக்கேற்றிவிட்டு, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, தொங்குகிற நூல், நிறம், முடிச்சு. அவர் ஊடு இழை ஓட்டுகிற நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நம்ம சேலைல ஒரு முடிச்சு தெரிஞ்சா மட்டம்னு ஒதுக்கிடறாங்க. அங்க முடிச்சுதான் எழுத்தா?”

“ஆமாங்க.”

“பட்டா, பருத்தியா?”

“அத சொல்லலீங்க.”

“முடிச்சு இன்னா முடிச்சு? சும்மா சுருக்கா? நாம பழைய பாவோட புதுப் பாவப் பிணைக்கறோமே, அப்படியா?”

“அதத்தான் சொல்ல வந்தாங்க. அதுக்குள்ள எழுப்பிட்டாங்க.”

நாடாவைத் தறியில் வைத்தார். “நீ உக்காந்துக்கினே இருந்திருக்கணும்மா” என்றார். கோபமாக இல்லை. பிறகு, “போன்ல பாரேன், இருக்கும்” என்றார்.

இருக்கும். போனில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த மேடம் முந்தானையைக் கையில் எடுத்த இடத்திலிருந்து அது ஆரம்பிக்காது. போனை எடுக்கவில்லை. பட்டா பருத்தியா என்று சின்னவளிடம் கேட்க மறக்கக் கூடாதென்று முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி தறியை ஓட்டினார்.

மறுநாள் வேறு சேலை கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்; முடிச்சுப் போட்ட சேலை வீட்டுக் கொடியில் இருந்தது. காலையில் எதிரே மாடியில் அந்த வகுப்பு நடந்தது. கடையில் ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள்தான் அதிகம்.